பெரிய ரிம் போடலாமா? சென்னைச் சாலைக்கும் சட்டத்துக்கும் ஒத்துப்போகும் வீல் அளவு

விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5 மாதிரி கொஞ்சம் வேகமான கார் வாங்கியதும் பலருக்கு முதலில் கண் போவது வீல் மேல்தான். கம்பெனி கொடுத்த 16 அங்குலம் சின்னதாகத் தெரியும், 18 போட்டால் கார் எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். கார் பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் விசாரித்தால் "தாராளமா போடலாம் சார்" என்றுதான் பதில் வரும். போடலாமா என்பதைச் சட்டத்திலிருந்தே பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் சட்டம் சொல்வதும் ஆற்காடு ரோட்டுப் பள்ளங்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் இருக்கும் விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் செய்தால், வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களும் இதில் அடக்கம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது உங்கள் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். நிறம், எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும், டயர் அளவு இருக்காது. லாரி, பஸ் மாதிரியான போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் ஆர்சியில் டயர் அளவைக் குறிக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு "அப்போ எதை வேணா போடலாம்" என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதாடலாம், ஆனால் விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு கதை. வம்பில்லாத வழி ஒன்றுதான்: டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் (சில கார்களில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால்) ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதிலும் ஓனர் மேனுவலிலும் உங்கள் மாடலுக்கு என்னென்ன அளவு கொடுத்திருக்கிறார்களோ அதற்குள்ளேயே நிற்பது.

அந்த அளவுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். விர்டஸ் ஜிடியில் வருவது 205/55 ஆர்16. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம், 55 என்பது அந்த அகலத்தில் 55 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம், அதாவது சுமார் 113 மி.மீ., 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மையும் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 632 மி.மீ. 17-க்குப் போக வேண்டுமானால் 205/50 ஆர்17, விட்டம் 637, சைடுவால் 102. ஏறக்குறைய அதே விட்டம், ஒரு சதவீதம்கூட மாறவில்லை. 18 அங்குலத்தில் விட்டம் மாறாமல் இருக்க 215/40 போட வேண்டும், அப்போது சைடுவால் வெறும் 86 மி.மீ. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் இருப்பது இந்த ரப்பரும் காற்றும் மட்டும்தான், அதில் கால்வாசியை நீங்களே காசு கொடுத்து எடுத்துவிடுகிறீர்கள்.

சரி, சைடுவால் வேண்டுமென்று 215/45 ஆர்18 போட்டால்? விட்டம் 651 ஆகிவிடும், 3 சதவீதம் அதிகம். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி முன்பைவிட 3 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு வரம்பு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் உடனே மாட்டிக்கொள்வீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தச் சின்ன இடைவெளியும் போய்விடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்பக்கம் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவுக்குப் பிறகு இருக்கும் எண்ணை, 91வி மாதிரி, பலர் பார்ப்பதே இல்லை. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. 205/50 ஆர்17 சில பிராண்டுகளில் 89 என்று வரும், அது 580 கிலோதான். பழையதைவிட இந்த எண் குறைந்த டயரைப் போடவே போடாதீர்கள், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்டிருக்கும் 93 கேட்டு வாங்குங்கள், அது 650 கிலோ. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், கார் டயருக்கான தரம் ஐஎஸ் 15633.

அடுத்தது நம்ம ஊரில் அதிகம் அடிபடும் விதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94. டயரில் எங்காவது வீங்கியிருந்தால், உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தால், அது ஓட்டத் தகுதியில்லாத டயர். மெட்ரோ வேலைக்காக வெட்டி மூடிய இடம், சாலை மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே போன மேன்ஹோல் மூடி, மழைத் தண்ணீருக்குள் தெரியாமல் கிடக்கும் பள்ளம், இதில் ஏதாவது ஒன்றில் சைடுவால் கிள்ளப்பட்டு உள்ளே நூல் அறுந்தால், கொஞ்ச நாளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பபுள் கிளம்பும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். சைடுவால் குறையக் குறைய இது நடக்கும் வாய்ப்பு கூடும்.

இன்சூரன்ஸில் சாதாரண பேக்கேஜ் பாலிசி டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் தராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனியாகக் கூடுதல் காப்பீடு (ஆட்-ஆன்) எடுத்திருந்தால் வேறு கணக்கு, அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு ரிம் வளைந்ததற்குக் கிளெய்ம் போட்டால் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு, போதாததற்கு நோ கிளெய்ம் போனஸும் போகும், அதனால் பல நேரம் கிளெய்ம் போடாமலிருப்பதே லாபம். வெளியில் வாங்கிய அலாய் வீலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் மதிப்பைப் பாலிசியில் ஏற்றி, கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதற்குப் பணம் கேட்க முடியும்.

என் கருத்தைக் கேட்டால், 16-இல் வந்த காரை 16-லேயே விட்டுவிட்டு அந்தப் பணத்தில் நல்ல டயராகப் போடுங்கள். பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடுதல், டர்போவின் அந்த முதல் இழுப்பு மந்தமாகும். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி 225/40 ஆர்18-இல் வரும் கார் வைத்திருப்பவர்கள் எதிர்த்திசையில் யோசிக்கலாம்: 225/45 ஆர்17 விட்டத்தில் 3 மி.மீ.தான் குறைவு, ஆனால் சைடுவால் 90-லிருந்து 101 ஆகிறது. வீலுக்குள் இருக்கும் பிரேக் காலிப்பருக்கு (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) 17 அங்குல ரிம் இடம் கொடுக்குமா, மேனுவலில் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளத்துக்காக சாலை போட்டவர்களிடம் நஷ்டஈடு கேட்கலாமே என்றால், 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு மோசமான பராமரிப்பால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது, வளைந்த ரிம் அதில் வராது. பள்ளத்தைப் படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ பதிந்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது இல்லை, சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன, அதனால் "எங்களுடையது இல்லை" என்று பதில் வந்தால் யாருடையது என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.