பையா, டயப்பரா? அதற்கு முன் ஒரு கேள்வி

யாங்கோனின் பழைய அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் கிடையாது. அதனால் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. பத்திரிகை, காய்கறி, மருந்து எல்லாம் அதில்தான் ஏறும். நான் போய்ப் பார்க்கும் ஐந்தாம் மாடி அம்மா ஒருவருக்கு வாரம் ஒரு தடவை கறுப்புப் பையில் சுற்றிய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர்களிடம் பஞ்சு என்று சொல்லி வைத்திருந்தார். பாதி உண்மைதான். உள்ளே, மலம் கசிவதால் கட்டிக்கொள்ளும் பெரியவர்களுக்கான டயப்பர்.

முதல் நாள் போனபோதே மகள் கேட்டாள் (செவிலியை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்): “சயாமா, வயிற்றில் ஒட்டுகிற பை இருக்காமே, அதை எங்கே வாங்கலாம்? டயப்பர் கட்டுப்படியாகவில்லை.”

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருந்து, இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணும் பையும் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இதற்குள் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. அவள் கேட்ட அந்த மலம் சேரும் பை, கொலாஸ்டமி பை, கடையில் வாங்கி ஒட்டிக்கொள்கிற பொருள் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்தோ சிறு துளைகள் போட்டோ, பெருங்குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்த பிறகுதான் பைக்கு அங்கே வேலை. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். டயப்பரை இன்றைக்குப் போட்டு நாளைக்கு நிறுத்தலாம். பையை அப்படி நிறுத்த முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து விலை பார்ப்பது சரியில்லை.

சரி, அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: மலம் ஏன் கசிகிறது?

சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீராகக் கசிகிறது, வயிற்றுப்போக்கு என்று மகன் நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் செய்து பை வைத்துவிடலாமா என்று ஒரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. கையுறை போட்டு விரலால் பார்த்தால் மலக்குடலில் கல் மாதிரி இறுகிய மலம். அதைச் சுற்றிக்கொண்டு வந்த தண்ணீர்தான் கசிந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு மாத்திரை அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. எனிமா, இளக்கும் மருந்து, இரண்டு வாரம். கசிவு நின்றது. பையும் வேண்டாம், டயப்பரும் வேண்டாம்.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. பெண்களில் பலருக்குக் காரணம் பிரசவத்தில் கிழிந்த ஆசனவாய்த் தசை. இருபத்தைந்து வயதில் கிழிந்தது ஐம்பத்தைந்து வயதில், மாதவிலக்கு நின்று தசை தளர்ந்த பிறகு வெளியே தெரியும். சிலருக்கு மூலம், பௌத்திரம் என்று செய்த பழைய ஆபரேஷன். முதுகுத்தண்டு அடி, பக்கவாதம், இடுப்புப் பகுதியில் கொடுத்த கதிர்வீச்சு இவையும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே மலத்தை இளக்கிவிடும். தானாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தருவார். அப்புறம் நம் டீக்கடைப் பால் டீ. ஒரு நாளைக்கு ஐந்து கப் குடித்துவிட்டுக் கசிகிறது என்று சொல்கிறவர்களை முதலில் ஒரு கப்புக்கு இறக்கிப் பார்ப்பேன். பலன் தெரிந்திருக்கிறது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் மெலிவது, சில வாரங்களாக மலம் போகும் வழக்கமே மாறியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். உட்காரும் இடம் மரத்துப்போய், கால் பலமிழந்து, திடீரென்று கசிவு தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காரணம் தெரிந்த பிறகும் நடுவில் நிறையப் படிகள் இருக்கின்றன. மலத்தைக் கெட்டியாக்க இசப்கோல். இறுகிய மலம் இல்லை என்று பார்த்த பிறகு, டாக்டர் சொல்லும் அளவில் லோபெரமைடு என்ற வயிற்றுப்போக்கு மாத்திரை. காலைச் சாப்பாடு முடிந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் தினமும் போய் உட்காருவது. காற்றை அடக்குகிற மாதிரி ஆசனவாயை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு “செய்து பார்த்தேன் சயாமா” என்கிறவர்களே அதிகம். கிழிந்த தசையைத் தைப்பது, நரம்புக்கு மின்தூண்டல் கொடுப்பது என்றும் உண்டு. பின்னதன் விலை நம் வீடுகளுக்கு எட்டாது.

இவ்வளவும் தோற்ற பிறகுதான் பைப் பேச்சு.

டயப்பரை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாரத்துக்கு ஓரிரு தடவை கசிகிறவருக்கு அது போதும். ஆனால் அது சிறுநீருக்காகச் செய்யப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் குருணை தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாக்கும். மலத்தை அது உறிஞ்சாது. மலம் மேல் துணியிலேயே நின்று தோலை அரிக்கும். சோற்றையும் கறியையும் செரிக்க வைத்த அதே நொதிகள் அதில் இருக்கின்றன. சிறுநீரும் சேர்ந்தால் அவற்றின் வேகம் கூடும். அதனால்தான் டயப்பர் பெரிய சைஸ், இரவு முழுக்கத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை மலக்கசிவுக்கு நம்ப வேண்டாம் என்கிறேன். கசிந்ததும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, ஒற்றி எடுப்பது. சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. காய்ந்த பிறகு துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லிசாக. எரிச்சலுக்குத் தனக்கா, அதாவது முகத்துக்குப் பூசும் மரப்பட்டைச் சாந்து, அரைத்துப் பூசியிருந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். கன்னத்துக்கு அழகுதான், உரிந்த தோலுக்கு வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. மின்சாரம் முறை வைத்து வருகிறது. மோட்டார் ஓடினால்தான் மாடியில் தண்ணீர். நாளுக்கு ஆறு தடவை கழுவ வேண்டிய ஒருவர், தண்ணீர் வராத நேரத்தில் என்ன செய்வார்? ஐந்தாம் மாடி அம்மா வீட்டில் அதற்கென்றே மூன்று டிரம் நிரப்பி வைத்திருந்தார்கள்.

பை என்றால் வேறு விதமான வேலை. இன்றைய வகை ஒட்டும் பையை யோசித்தவர் எலிசே சோரன்சன் என்ற டென்மார்க் செவிலி. ஸ்டோமா வைத்த தங்கை தோரா வெளியே போகவே பயப்படுகிறாளே என்று 1954ல் ஒட்டிப் போடும் பையை உருவாக்கினார். செவிலி என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஸ்டோமா சிவந்து, ஈரமாக, வாயின் உட்புறத் தோல் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு இல்லை. மலக்கசிவுக்காக வைக்கும்போது பெரும்பாலும் இடது அடிவயிற்றில் வரும். அங்கே வருவதற்குள் மலம் கெட்டியாகிவிடுவதால் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை கவனித்தால் போதும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், தொங்கவிட்டால் கனத்தில் ஒட்டு விட்டுப்போகும். தோலில் ஒட்டும் பைத்தகட்டில் ஓட்டை வெட்டும்போது ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். அதிகம் வெட்டினால் நடுவில் தெரியும் தோல் புண்ணாகும். முதல் ஆறு எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், அதனால் ஒரே அளவில் ஒரு டஜன் வெட்டி வைக்காதீர்கள். தோலில் பவுடர், எண்ணெய் எதுவும் இருந்தால் ஒட்டாது. சித்திரை வெயில் வியர்வையில் வழக்கத்தைவிட ஒரு நாள் முன்பே மாற்ற வேண்டியிருக்கும். காற்று வெளியேற மேலே கரி வடிகட்டி இருக்கும். அது நனைந்தால் வேலை செய்யாது, திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவன்று அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள்.

பையில் குறையே இல்லையா? உண்டு. பக்கத்தில் குடல் பிதுங்கலாம், அது அபூர்வமல்ல, கனம் தூக்குகிறவர்கள் முன்பே யோசிக்க வேண்டும். கீழே விட்டுவைத்த மலக்குடலில் சளி ஊறி அவ்வப்போது பின்வழியே கசியும், அதற்கு ஒரு சின்ன பேட் தேவைப்படலாம். டயப்பரிலிருந்து முழு விடுதலை என்று நினைத்து ஆபரேஷனுக்குப் போனவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். பைகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. இந்த மாதம் கிடைத்த அளவு அடுத்த மாதம் கடையில் இராது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் மூன்று மாதப் பைக்கு வழி இருக்கிறதா என்று குடும்பத்தாரிடம் நான் கறாராகக் கேட்பேன். சிலர் அதற்குக் கோபித்துக்கொண்டதும் உண்டு.

நோயாளியிடம் நான் கேட்பது வேறு: கடைசியாக எப்போது வாசல் தாண்டினீர்கள்? வாரத்தில் நாலு நாள் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறவரென்றால் டயப்பரோடு தோலைக் காப்பாற்றிக்கொண்டு போகலாம். கக்கூஸ் கதவிலிருந்து பத்தடிக்குள்ளேயே வருடம் ஓடிவிட்டதென்றால் பையைப் பற்றி வெட்கமில்லாமல் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. படுக்கையிலேயே இருக்கும், மயக்க மருந்து தாங்காத முதியவருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பதே என் எண்ணம். அவருக்குத் தேவை நேரத்தில் மாற்றிவிட ஒரு கை.

கோயிலைச் சொன்னதால் ஒன்று. வயிற்றில் பையோடு சன்னிதிக்குள் போகலாமா, தீட்டாகாதா என்று மெதுவான குரலில் கேட்பார்கள். எல்லாருடைய வயிற்றிலும் அதே மலம்தான் இருக்கிறது, உங்களுடையது மட்டும் நன்றாக மூடியிருக்கிறது என்பேன். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் பையோடு போய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் மாடி அம்மாவுக்கு நாலு பிரசவம், இரண்டாவதில் ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். உடற்பயிற்சி, மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. பதினான்கு மாதமாகப் படி இறங்கவில்லை. பை வைத்துக்கொள்ள அவரே முடிவெடுத்தார், மகள் அல்ல.

ஆபரேஷனுக்கு முன் இடம் குறிப்பது முக்கியம். படுக்கவைத்து மட்டும் குறித்தால் எழுந்து உட்காரும்போது அந்த இடம் வயிற்று மடிப்புக்குள் போய்விடும். ஆண்களுக்கு லுங்கி முடிச்சு, பெண்களுக்கு இடுப்போரம் செருகும் இடம், புடவைக் கொசுவம் எல்லாம் பார்த்தாக வேண்டும். அந்த அம்மாவை நிற்க, உட்கார, குனியச் சொல்லிப் பேனாவால் வட்டம் போட்டு, ஒரு பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன் மேல் ஒட்டிவிட்டு, மூன்று நாள் இப்படியே இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் போனால் வட்டம் பாதி அழிந்திருந்தது. “மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் தொடையில் இடிக்குது சயாமா. இரண்டு விரல் மேலே ஏத்துங்க.” ஏற்றிக் குறித்தேன். மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்னும் அரை விரல் என்றார்.