ரெட்டினோயிக் அமிலம்: கண்ணின் பெயர், குடலில் வேலை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் பழக்கம்: தமிழில் உயிர்ச்சத்து, மலையாளத்தில் ஜீவகம், மருந்துக்கடையில் வைட்டமின். 1912இல் உயிர்வேதியியலர் காசிமிர் ஃபங்க், உயிரைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லான ‘வீட்டா’வுடன் நைட்ரசன் கொண்ட ஒரு சேர்ம வகையைக் குறிக்கும் ‘அமீன்’ என்ற வேதிப்பெயரைச் சேர்த்து இந்த மூன்றாவது பெயரை ஆக்கினார். வைட்டமின் ஏ அமீன் அன்று. அதில் நைட்ரசனே இல்லை. உயிரை மட்டும் எடுத்துக்கொண்ட உயிர்ச்சத்தும் ஜீவகமும் அந்தப் பிழையிலிருந்து தப்பிவிட்டன.

வைட்டமின் ஏயிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் ரெட்டினோயிக் அமிலம் என்ற பொருளின் பெயரில் உள்ள சிக்கல் வேறு. அதன் வேர் ‘ரெட்டினா’, அதாவது விழித்திரை. அச்சொல் வலை என்னும் பொருளுடைய ‘ரேட்டே’ என்ற இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. முருங்கைக்கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் நிறமியை உடல் பிளந்து ரெட்டினாலாக்கி, அதை ரெட்டினோலாகச் சேமிக்கிறது; இரண்டும் வைட்டமின் ஏயின் வடிவங்களே. (எழுதுகையில் ஒரு கொம்பு விடுபட்டாலே ரெட்டினோல் ரெட்டினாலாகிவிடும்.) பார்வை நிறமிக்கு வேண்டியது ரெட்டினால். அது ஒருமுறை ரெட்டினோயிக் அமிலமாகிவிட்டால் உடலால் திருப்பி மாற்ற இயலாது. ஆகவே அந்த அமிலத்தை மட்டும் உண்ட எலிகள் நன்கு வளர்ந்தும் பார்வையை இழந்தன என்று 1960இல் ஆய்வாளர்கள் டௌலிங்கும் ஜார்ஜ் வால்டும் காட்டினர். விழித்திரையின் பெயரைத் தாங்கிய இப்பொருள் விழித்திரையின் பார்வைப் பணிக்கு உதவாது என்பதால், ‘விழித்திரை அமிலம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறான பொருளையே தரும். அவ்விருவரும் இதனை ‘வைட்டமின் ஏ அமிலம்’ என்றே குறித்தனர். ஆதலால் ‘உயிர்ச்சத்து ஏ அமிலம்’ என்பதே தமிழில் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

இது முனைந்து வேலை செய்யும் இடங்களுள் ஒன்று குடல். உணவும் நுண்ணுயிர்களும் ஓயாமல் வந்துசேரும் அங்கே, கிளையுடைய நோயெதிர்ப்பு உயிரணுக்களுள் ஒரு வகை, ரெட்டினாலை இந்த அமிலமாக மாற்றி அருகிலுள்ள முதிராத டி உயிரணுக்களுக்கு (நோயெதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகை) அளிக்கிறது. அமிலம் அவற்றின் உட்கருவிலுள்ள ஏற்பியைப் பற்றி, டிஜிஎஃப் பீட்டா என்னும் புரதத்தின் துணையோடு, டி உயிரணுவைத் தாக்குதலைத் தணிக்கும் வகையாக மாற்றும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைச் செயல்படச் செய்கிறது என்பதை 2007இல் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின. அவ்வாறு மாறிய உயிரணுக்கள் உணவின் மீதும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் மீதும் தாக்குதல் நிகழாமல் காக்கின்றன. அவை குருதியில் சுற்றினாலும் குடலுக்கே திரும்பிவரும்படி மேற்பரப்பில் அடையாளம் இடுவதும் இதே அமிலம்தான். ஆயினும் அழற்சி மூண்ட குடலில் இது எதிர்த்திசையில், அதாவது தாக்குதலையும் தூண்டக்கூடும் என்பது எலிகளில் காணப்பட்டுள்ளது. எனவே வைட்டமின் மாத்திரையைக் கூட்டினால் குடல் அமைதியாகும் என்று கொள்ளலாகாது.

தாக்குதல் நிகழாமல் காக்கும் அந்த டி உயிரணுக்களுக்கும் பெயர் வேண்டும். முன்பு வழங்கிய ‘அடக்கும் டி உயிரணு’ கடுமையானது. ‘ஒழுங்குமுறை’ என்றாலோ மின்கட்டண ஆணையம் நினைவுக்கு வருகிறது. ‘நெறிப்படுத்தும் டி உயிரணு’ என்பதை நான் ஆள்கிறேன்.