யூஎன் கார்டு: எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

"யூஎன் கார்டு இருக்கிற ஆளை வேலைக்கு வைக்கலாமா?" கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செந்தூலில் வீடு வாடகைக்கு விடுகிறவர் வேறு மாதிரி கேட்பார்: "கார்டு காட்டுறான், நம்பி விடலாமா?" கோயில் அன்னதானத்துக்கு வரும் இலங்கைத் தமிழர் கேட்பது இன்னொன்று: "கார்டு எப்ப கிடைக்கும்?" அகதிகள் கையில் வைத்திருக்கும் அடையாள அட்டையைத்தான் யூஎன் கார்டு என்கிறோம். மூன்று பேருக்கும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்று ஒரு பிரிவே கிடையாது.

மலேசியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதன் 1967 நெறிமுறையிலும் சேரவில்லை. நம்மிடம் இருப்பது 1959/63 குடிநுழைவுச் சட்டம். அதற்குத் தெரிந்தவர்கள் இரண்டே வகை: செல்லுபடியாகும் பாஸ், அதாவது தங்கும் அனுமதி, உள்ளவர், இல்லாதவர். மியன்மாரில் வீடு எரிந்து ஓடிவந்தவரும், விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாத சுற்றுப்பயணியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. பெர்மிட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவருக்கு 6-ஆம் பிரிவின்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, இவற்றோடு ஆறு பிரம்படி வரையும் விதிக்கலாம்.

அப்படியானால் கார்டு எங்கிருந்து வருகிறது? ஐநா அகதிகள் ஆணையம் (யூஎன்ஹெச்சிஆர்) தருகிறது. 1975-இல் வியட்நாம் படகு மக்கள் வந்து இறங்கத் தொடங்கியபோது அது இங்கே வேலையை ஆரம்பித்தது. திரெங்கானுவுக்கு எதிரே புலாவ் பீடோங் தீவில் பெரிய முகாம் இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது 1991-இல் மூடப்பட்டது. இப்போது முகாம் எதுவும் இல்லை. பதிவு செய்த ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நகரங்களில் நம் பக்கத்து வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ரொஹிங்யாக்கள் அதிகம், அடுத்து சின் மக்கள். பாகிஸ்தான், சோமாலியா, ஏமன், ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம், இலங்கை என்று மற்ற நாட்டவரும் இருக்கிறார்கள்.

ஆக, கார்டு என்பது ஐநா அமைப்பு ஒன்று தரும் அடையாளச் சான்று. "இவர் எங்கள் பாதுகாப்பில் உள்ளவர், திருப்பி அனுப்பினால் இவருக்கு ஆபத்து" என்பதே அதன் பொருள். அது விசா ஆகாது, வேலை பெர்மிட்டும் ஆகாது. போலிஸ் நிறுத்தும்போது கார்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது நடக்கிறது. பல சமயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது நடைமுறையில் காட்டும் இணக்கம்தான். சட்டத்தில் எழுதி வைத்த உரிமையாக எண்ணிக்கொண்டு போலிஸ்காரரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

கார்டு பெறும் வழியைப் பார்ப்போம். ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூர் ஜாலான் புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கிறது. நேரே போய் வரிசையில் நின்றால் வேலை ஆகாது. முதலில் பதிவு விண்ணப்பம், பிறகு அழைப்பு, அதற்குப் பிறகுதான் நேர்காணல். ஆள் அதிகம், அதிகாரிகள் குறைவு என்பதால் காத்திருப்பு மாதங்களில் முடிவதில்லை, ஆண்டுகள் ஆகலாம். கடும் நோயாளிகள், துணையில்லாமல் வந்த பிள்ளைகள், வன்முறைக்கு ஆளான பெண்கள் போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அப்படி ஒரு நிலை இருந்தால் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நேர்காணலில் உங்கள் மொழியில் பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கப் பார்த்து, தேதியும் இடமும் குழம்பி, பிறகு "முன்னுக்குப் பின் முரண்" என்று பெயர் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். அங்கே சொல்வதை ஆணையம் உங்கள் சொந்த நாட்டு அரசாங்கத்திடம் சொல்லாது.

இலங்கைத் தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. போர் நடந்த காலத்தில் வடக்கிலிருந்து வந்த தமிழர் என்பதே பாதுகாப்புக் கேட்கப் போதுமான காரணமாகக் கொள்ளப்பட்டது. போர் 2009-இல் முடிந்தது. 2010 ஜூலையில் வந்த ஆணையத்தின் வழிகாட்டுதல் அந்த நிலையை மாற்றிவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் தனக்கு என்ன ஆபத்து என்பதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகம், செய்தியாளர் பணி, மனித உரிமை மீறலுக்குச் சாட்சியாக இருந்தது போன்றவை 2012 வழிகாட்டுதலில் குறிப்பிடப்பட்டவை. "எங்க ஊர்ல எல்லாருக்கும் கஷ்டம்தான்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. கைது செய்த கடிதம், மருத்துவச் சான்று, ஊரில் உள்ளவர்களிடமிருந்து வந்த கடிதம் என்று எது இருந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். நிராகரிப்பு வந்தால் மேல்முறையீடு உண்டு, ஆனால் காலக்கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதைத் தவறவிட்டால் பிறகு வழி குறைவு. அசைலம் ஆக்சஸ் மலேசியா என்ற அமைப்பு இதில் சட்ட உதவி செய்கிறது.

இன்னொன்று, இது முக்கியம்: ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் காசு கிடையாது. விண்ணப்பம், நேர்காணல், கார்டு எல்லாமே இலவசம். "எனக்கு உள்ளே ஆள் தெரியும், 3,000 கொடு" என்கிறவன் ஏமாற்றுக்காரன். அவன் நம் ஆளாக இருந்தாலும் சரி. போலி கார்டுகள் சந்தையில் சுற்றியதால்தான் 2016-இல் பாதுகாப்பு அம்சங்கள் கொண்ட புதிய கார்டு வந்தது. அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பார்க்க யூஎன்ஹெச்சிஆர் வெரிஃபை எம்ஒய் என்ற செயலி இருக்கிறது. வீட்டுக்காரரோ கடைக்காரரோ சந்தேகப்பட்டால் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கார்டால் கையில் கிடைக்கும் உருப்படியான பலன் என்ன? மருத்துவமனைக் கட்டணத்தில் பாதி. சுகாதார அமைச்சின் அரசாங்க மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கு என்று தனிக் கட்டணம் உண்டு. செல்லுபடியாகும் கார்டு உள்ளவருக்கு அதில் 50 விழுக்காடு தள்ளுபடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் பாதி என்று பார்க்க வேண்டும். மலேசியக் குடிமகன் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டு மருந்தோடு வருகிறார். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு 3 ரிங்கிட். அந்த விலையில் பாதி அல்ல இது. வெளிநாட்டவர் கட்டணம் முழுச் செலவை ஒட்டி வைக்கப்பட்டது. 6,000 ரிங்கிட் பில் வந்தால் கார்டு உள்ளவர் 3,000 கட்ட வேண்டும். அன்றாடக் கூலியில் இருப்பவருக்கு அதுவே மலை.

வார்டில் சேரும்போது முன்பணமும் கேட்பார்கள். இங்கேதான் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று கேட்டால் காட்டுவார்கள். தவணையாகக் கட்ட முடியுமா, ஏதாவது நிதி உதவி கிடைக்குமா என்பதை அங்கே பேசலாம். கவுன்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில் எதுவும் இல்லை. அதோடு, பல்கலைக்கழக மருத்துவமனைகள் சுகாதார அமைச்சின் கீழ் வருவதில்லை. அங்கே கட்டண விதி வேறு என்பதால் பாதி தள்ளுபடி தானாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முதலில் கேளுங்கள்.

கார்டு இல்லாதவர் நிலை இன்னும் சிக்கல். 2001-இல் வந்த சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை ஒன்று, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலிசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. பிரசவ வலியோடு வருகிறவரைக்கூட அந்தப் பயம் வீட்டில் தங்க வைக்கிறது. நோய் முற்றிய பிறகு கொண்டுவந்தால் செலவும் கூடும், உயிருக்கும் ஆபத்து. யார் கணக்கில் பார்த்தாலும் இது புத்தியுள்ள விதியாக எனக்குப் படவில்லை. சாதாரண காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தொண்டு கிளினிக்குகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் சூ சி பௌத்த அமைப்பும் ஆக்ட்ஸ் அமைப்பும் அகதிகளுக்குக் கிளினிக் நடத்துகின்றன. பினாங்குப் பக்கம் இருப்பவர்களுக்கு பட்டர்வொர்த்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் கிளினிக் உண்டு.

பிள்ளை பிறந்தால் ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்: பிறப்புப் பதிவு. தீபகற்பத்தில் 60 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். பெற்றோர் அகதியாக இருந்தாலும் பதியலாம். சான்றிதழில் 'குடிமகன் அல்லாதவர்' என்று இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இந்தப் பிள்ளை இன்னாருக்கு, இன்ன தேதியில், இங்கே பிறந்தது என்பதற்கு அரசாங்க முத்திரையோடு கிடைக்கும் ஒரே காகிதம் அது. நாளை மூன்றாவது நாடு ஒன்று குடும்பத்தை ஏற்கும்போதும் அதைத்தான் கேட்கும்.

பள்ளிக்கூடம் என்று வந்தால் கார்டு உதவாது. அகதிப் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்ப்பதில்லை. தமிழ்ப் பள்ளியும் அதில் அடக்கம். சமூகக் கற்றல் மையங்கள் நூற்றுக்கும் மேல் நாடு முழுக்க உள்ளன. சில கடைவீட்டு மாடியில் நடக்கின்றன. செந்தூலில் உள்ள டிக்னிட்டி போன்ற பெரிய மையங்களும் உண்டு. எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுத வழியில்லாததால் வசதியுள்ள மையங்கள் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வுக்குத் தயார் செய்கின்றன. தேர்வுக் கட்டணம் அதிகம் என்பதால் அதுவரை போகிறவர்கள் குறைவு.

இப்போது கடைக்காரர் கேள்விக்கு வருவோம். கார்டு உள்ளவரை வேலைக்கு வைப்பதற்குச் சட்ட அனுமதி இல்லை. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் சந்தையிலும் கட்டுமானத் தளத்திலும் உணவகத்திலும் அகதிகள் வேலை செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வேலை செய்யாமல் எப்படிச் சாப்பிடுவார்கள்? ஆணையம் எல்லாருக்கும் மாதப் பணம் தருவதில்லை. 2017-இல் ரொஹிங்யா 300 பேரைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலைக்கு வைக்கும் முன்னோட்டத் திட்டம் ஒன்று வந்தது, நிலைக்கவில்லை. அனுமதி இல்லை என்பதையே சாக்காக வைத்துச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரருக்கும் இதே போலத்தான். பாஸ் இல்லாதவரைத் தன் பொறுப்பில் உள்ள இடத்தில் தங்க அனுமதிப்பது 55இ பிரிவில் குற்றம். ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். கார்டு உள்ள குடும்பங்களுக்குப் பலர் வாடகைக்கு விட்டுத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் கார்டு வீட்டுக்காரருக்குச் சட்டக் கவசம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பிடிபட்டால்? குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டவரை 14 நாள் வரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகாமலேயே வைத்திருக்கலாம். அதனால் முதல் சில மணி நேரம் முக்கியம். கார்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிடித்துக்கொண்டு போனது எந்த ஸ்டேஷன், எந்த டீப்போ (குடிநுழைவுத் தடுப்பு முகாம்) என்று தெரிந்ததும் ஆணையத்துக்கு அழைத்துக் கார்டு எண்ணைச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்களை ஆணையமே நடத்தும் ரெஃப்யூஜி மலேசியா இணையதளத்தில் பார்க்கலாம். கோலாலம்பூர் வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்தையும் நாடலாம். 2019 ஆகஸ்டிலிருந்து ஆணைய அதிகாரிகளைக் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் விடுவதில்லை. ஆகவே ஆள் முகாமுக்குள் போவதற்கு முன்பே தகவல் சேர்வது நல்லது. நாடுகடத்தலுக்கு நீதிமன்றத்தில் தடை வாங்கினாலும் போதும் என்று இருந்துவிட முடியாது. 2021 பிப்ரவரி 23 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த அதே நாளில் 1,086 மியன்மார் நாட்டவர் லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அகதிகள் யாரும் இல்லை என்றது குடிநுழைவுத் துறை. தஞ்சம் கேட்டவர்கள் இருந்தார்கள் என்றன வழக்குத் தொடுத்த அமைப்புகள்.

சட்டம் இல்லை என்றாலும் அரசாங்கம் மனம் வைத்தால் கதவு திறக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே மக்களுக்கு ஐஎம்எம்13 என்ற தற்காலிகப் பாஸ் கொடுத்தார்கள்; அதை வைத்து வேலை செய்ய முடிந்தது. 2015-இல் 3,000 சிரியா நாட்டவரை ஏற்பதாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் காசாவில் காயம்பட்ட பாலஸ்தீனர்களையும் குடும்பத்தாரையும் சேர்த்து 127 பேரை எகிப்து வழியாக விமானத்தில் கூட்டி வந்தார்கள். இவர்கள் யாருக்கும் யூஎன் கார்டு தேவைப்படவில்லை. அமைச்சரவை முடிவு எடுத்தது, அவ்வளவுதான். ரொஹிங்யாவுக்கு அப்படி ஒரு முடிவு 2006-இல் தொடங்கி, ஊழல் புகாரில் நின்றுபோனது.

மூன்றாவது நாட்டில் குடியேற்றம் என்பதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு விண்ணப்பம் கிடையாது; ஆணையம்தான் பரிந்துரைக்கும், ஏற்கும் நாடுதான் முடிவு செய்யும். இங்கிருந்து அதிகம் பேரை எடுத்துக்கொண்ட அமெரிக்கா, 2025 ஜனவரியில் தன் அகதிகள் திட்டத்தை நிறுத்தி வைத்தது. "அடுத்த வருஷம் அமெரிக்கா" என்று கடன் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

உதவ நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தீபாவளிக்குப் பழைய துணி மூட்டை கட்டிக் கொடுப்பதைவிட, பக்கத்துக் கற்றல் மையத்தில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்த அகதிக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போய் சமூகப் பணிப் பிரிவில் மலாயில் பேசிக் கொடுக்கலாம். பிறப்புப் பதிவுக்கு 60 நாள் கெடு இருக்கிறது என்று ஞாபகப்படுத்தலாம். பணமாகக் கொடுக்க விரும்பினால் மையத்துக்கோ கிளினிக்குக்கோ நேரடியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.