பஞ்சரான சைக்கிளும் டேனிஷ் இலக்கணமும்

டென்மார்க்குக்குக் குடிவந்த பெரியவர்களுக்கு டேனிஷ் கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுப்புக்குத் தாமதமாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு அபராதம்தான் வாங்குகிறேன்: ஏன் தாமதம் என்று டேனிஷில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பஸ் பற்றிய காரணங்கள் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். சைக்கிள் காரணங்கள் தீர்வதே இல்லை. டியூப் பஞ்சர், செயின் கழன்றுவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை, பூட்டு குளிரில் உறைந்துபோனது, விளக்கு எரியவில்லை, கடைசியாக, நிறுத்திய இடத்தில் வண்டியையே காணோம். இந்தத் துன்பங்களுக்குள்ளேயே டேனிஷ் இலக்கணத்தில் பாதி அடங்கிவிடுகிறது என்பதைச் சில வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

நம்மவர்கள் பலர் செல்போன் ஆப்பில், ஆங்கிலம் வழியாக டேனிஷ் படிக்கிறார்கள். ஆமை பால் குடிக்கிறது என்ற மாதிரி வாக்கியங்கள் சரளமாக வரும். நடுரோட்டில் டயர் இறங்கினால் வாய் திறக்காது. நாம் ஒரு நொடி திணறினாலே எதிரில் இருக்கும் டேனிஷ்காரர் மரியாதைக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அன்றைய பாடம் அதோடு போச்சு.

முதல் வாக்கியம் இதுதான்: மின் சுக்கெல் எர் பொங்க்தேரெத். என் சைக்கிள் பஞ்சர். அவர்களே பேசும்போது யை எர் பொங்க்தேரெத், அதாவது ‘நான் பஞ்சர்’ என்றும் சொல்வார்கள். வகுப்பில் சிரிப்பு வரும், வாக்கியமும் நினைவில் நிற்கும். தமிழ் எழுத்தில் உச்சரிப்பைச் சரியாகக் காட்ட முடியாது. சுக்கெல் என்பதில் முதல் உயிர் உண்மையில் உ அல்ல. ஈ சொல்லும்போது நாக்கு எங்கே இருக்குமோ அங்கேயே வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் விசிலடிக்கப் போவதுபோலக் குவியுங்கள். பொங்க்தேரெத் என்பதன் கடைசி ஒலி, நாம் ‘அது’ என்னும்போது வருகிற மெல்லிய த போன்றது. அதைவிட இன்னும் மெல்லியது, பாதி ல் போலக் கேட்கும். சக்கரத்துக்கு யூல். கிறிஸ்துமஸுக்கும் யூல்தான். சக்கரத்தை எழுதும்போது முன்னால் ஒரு ஹ் நிற்கும், வாயில் வராது.

ஆங்கிலத்தில் ‘தி’ முன்னால் தனியாக நிற்கும். டேனிஷில் அது பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். சுக்கெல் என்றால் சைக்கிள், சுக்லன் என்றால் அந்தக் குறிப்பிட்ட சைக்கிள். செயின் கேதெ, அந்தச் செயின் கேதன். சைக்கிளில், சைக்கிளுக்கு, சைக்கிளோடு என்று எல்லாவற்றையும் வாலில் ஒட்டியே வளர்ந்த நமக்கு இது பழகிய வேலை. ஆங்கிலம் வழியாக வருகிறவர்தான் முன்னால் எதையோ தேடிக்கொண்டிருப்பார். ஒரே தொல்லை, வால் இரண்டு வகை. சக்கரம் யூலெத் ஆகும், டயர் டெக்கெத் ஆகும். எது எந்த வகை என்பதற்கு நம்பும்படியான விதி கிடையாது. அதனால் சொல்லை வாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். வால் மாறிப்போனாலும் சைக்கிள் கடைக்காரருக்குப் புரிந்துவிடும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டியூபுக்கு ஸ்லாங்ஙெ. பாம்புக்கும் அதே சொல். கோபன்ஹேகன் துறைமுகப் பக்கம், ஃபிஸ்கதோர்வெத் கடைவளாகத்தை ஒட்டி, ஆரஞ்சு நிறத் தரையோடு வளைந்து வளைந்து போகிற சைக்கிள் பாலம் ஒன்று 2014-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் சைக்கிளைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாலத்தின் பெயர் சுக்கெல்ஸ்லாங்ஙன். சைக்கிள் பாம்பு என்றும் படிக்கலாம், சைக்கிள் டியூப் என்றும் படிக்கலாம். இரண்டு சொல்லை இடைவெளி விடாமல் ஒன்றாக எழுதுவது, கடைசியில் வால் ஒட்டுவது, இரண்டையும் விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

சரி, நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஹன் டார் சின் சுக்கெல். ஹன் டார் ஹன்ஸ் சுக்கெல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வாக்கியமாகிவிடும். டேனிஷில் முதலாவது ஆள் வீட்டுக்குப் போகிறார், இரண்டாவது ஆள் திருடனாகவும் இருக்கலாம். சின் என்றால் தன்னுடைய, ஹன்ஸ் என்றால் வேறொருவனுடைய. ‘அவன் தன் சைக்கிளை எடுக்கிறான்’, ‘அவன் அவனுடைய சைக்கிளை எடுக்கிறான்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், ‘தன்’ வந்த உடனே சந்தேகம் போய்விடுகிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கப் பயிற்சி இருக்கிறது. தமிழர்களுக்கு ஒரே வரி போதும்: தன் வருகிற இடத்தில் சின். பத்து வருடம் இங்கே இருந்து டேனிஷ் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இதில் தவறுவதைக் கேட்கிறேன். காரணம் கேட்டால், மனதுக்குள் ஆங்கிலத்தில் அமைத்துவிட்டு மாற்றுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பன்மைக்கு இது செல்லாது. தங்கள் சைக்கிள், வேறு சிலருடைய சைக்கிள், இரண்டுக்கும் தேரெஸ் என்ற ஒரே சொல்தான்.

தமிழ் கைகொடுக்காத இடம் சொல் வரிசை. நம் வினைச்சொல் கடைசியில் நிதானமாக வந்து உட்காரும். டேனிஷ் வினைச்சொல்லோ பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இரண்டாவது சீட்டைப் பிடித்துவிடும். ப்ரெம்சன் வீர்கர் இக்கே: பிரேக் வேலை செய்யவில்லை. இதில் வீர்கர் என்பது வினை, இக்கே என்றால் ‘இல்லை’. முன்னால் ‘இப்போது’ என்று சேர்த்தால் நூ வீர்கர் ப்ரெம்சன் இக்கே. வினை இரண்டாம் இடத்தை விட்டு அசையவில்லை, பிரேக்தான் எழுந்து மூன்றாவது சீட்டுக்குப் போனது. ‘ஏனென்றால்’ என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு மாற்றம்: ஃபொர்தி ப்ரெம்சன் இக்கே வீர்கர். இப்போது இக்கே வினைக்கு முன்னால் வந்துவிட்டது. இந்த மூன்று வரிகளையும் நடந்துகொண்டே நூறு முறை சொல்லுங்கள். விதியைச் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. மேலதிகாரிக்குத் தாமதக் காரணம் எழுதும்போது, வால் தவறியதைவிட வரிசை தவறியதுதான் கண்ணை உறுத்தும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன் என்றால் யை ஹார் சுக்லெத். வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டேன் என்றால் யை எர் சுக்லெத் யெம். போய்ச் சேர்கிற இடம் உண்டென்றால் எர்.

வண்டி திருடு போனால் சொல்ல வேண்டியது: மின் சுக்கெல் எர் ப்ளேவெத் ஸ்ட்யோலெத். யார் எடுத்தார் என்று தெரியாதபோது நாம் ‘திருடு போச்சு’ என்போமே, அந்த வேலையைச் செய்கிற வாக்கியம். இதை எத்தனை அழகாகச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஸ்டெல்னுமர் என்ன என்பதாகத்தான் இருக்கும். வண்டியின் உடற்சட்டத்தில் செதுக்கியிருக்கும் எண் அது. இன்சூரன்ஸுக்கும் அதுதான் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பூட்டுக்கான ரசீதையும் கேட்பார்கள். இன்று மாலையே அந்த எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இது டேனிஷ் பாடம் அல்ல, பட்டவர்களைப் பார்த்துச் சொல்வது.

இவ்வளவு சைக்கிளும் ஊருக்குள் ஓடினால் பேச்சிலும் ஓடத்தானே செய்யும். சம்பந்தமில்லாமல் உளறுகிறவரை ‘முழுக்க வெளியே சைக்கிள் ஓட்டப் போயிருக்கிறார்’ என்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் மறந்துபோனால் ‘செயின் கழன்றுவிட்டது’.

இலங்கையிலிருந்து வந்த அக்கா ஒருவர் என் வகுப்பில் இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல். துவிச்சக்கரவண்டி என்றுதான் சொல்வார். சிறுவயதில் ஊரில் ஓட்டியது, இங்கே வந்து மறுபடி பழகினார். வாய்மொழித் தேர்வில் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் ஒரு சொல் வரவில்லை. கையைப் பிசைந்தார். தேர்வாளர் காத்திருந்தார். அக்கா நிமிர்ந்து, “நூ ஹொப்பெதெ கேதன் ஆ” என்றார். இப்போது செயின் கழன்றுவிட்டது. வினை இரண்டாவது சீட்டில், வால் சரியாக. தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.