நிற்கும் சட்டமும் படுத்த சட்டமும்

வேளச்சேரியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டின் பின்புறத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கணுக்கால் அளவுக்கு மழைநீர் தேங்கிவிடுவதால், அங்கே தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், 12 அடிக்கு 10 அடி அளவில், இப்போது ‘டெக்’ என்று அழைக்கப்படும் மரத்தளம் ஒன்றை அமைக்க விரும்புகிறார். பத்தடி நீளத்துக்கு ‘நாலுக்கு ரெண்டு’ தேக்குச் சட்டமே, அதாவது நான்கு அங்குல உயரமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள சட்டமே, தாங்கும் என்கிறார் தச்சர். ‘ஆறுக்கு ரெண்டு’ வேண்டும் என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி என்பது முதல் கேள்வி. சட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமா என்பது இரண்டாவது.

எடைக் கணக்கை விரைவாக முடித்துவிடலாம். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை, வீட்டு அறைகளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவும், பால்கனிகளில் 300 கிலோவும் ஏறக்கூடும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. விசேஷ நாளில் உறவினர்கள் அனைவரும் ஒரே மூலையில் கூடி நிற்கும் இடம் என்பதால், மரத்தளத்துக்குப் பால்கனிக் கணக்கே பொருந்தும். பலகைகளும் சட்டங்களும் சேர்ந்து இன்னொரு 40 கிலோ. சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் வைத்தால், ஒவ்வொரு சட்டமும் மீட்டருக்குச் சுமார் 136 கிலோ சுமக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மரத்தளங்களுக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு என்று கொண்டு ஆயத்த அட்டவணைகளே போட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அவை அங்கே விளையும் பைன், டக்ளஸ் ஃபர் போன்ற மரங்களுக்கானவை என்பதால், அவற்றை அப்படியே நம் தேக்குக்குப் பெயர்த்து எழுத முடியாது.

இனிமேல் வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் மகிழ்விக்கும் பகுதி. பள்ளிக் காலத்து மரஸ்கேல் ஒன்றை இரண்டு புத்தகங்களின் மீது பாலம்போல் படுக்கவைத்து நடுவில் விரலால் அழுத்தினால், அது உடனே வளைந்துகொடுக்கும். அதே ஸ்கேலை விளிம்பில் நிறுத்திவைத்து அழுத்தினால் அசையாது. மரமும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. மாறியது என்னவென்றால், சட்டம் வளையும்போது அதன் மேற்பகுதி இழைகள் நெருக்கப்படுகின்றன, கீழ்ப்பகுதி இழைகள் இழுக்கப்படுகின்றன, இரண்டுக்கும் நடுவே உள்ள ஓர் அடுக்கு நெருங்காமலும் நீளாமலும் கிட்டத்தட்ட வேலையற்று இருக்கிறது. அந்த நடு அடுக்கிலிருந்து ஓர் இழை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது நீளவோ குறுகவோ வேண்டியிருப்பதால், அதன் எதிர்ப்பு விசையும் அந்த அளவுக்குக் கூடுகிறது. அதோடு, தொலைவில் இருக்கும் இழைக்கு நெம்புகோலின் நீளமும் கூடுதலாகக் கிடைக்கிறது. சட்டம் உயர உயர இப்படி உழைக்கும் இழைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று பெருக்குவதால்தான், சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்தைப் பொறுத்து ஒரு மடங்காகவும், உயரத்தைப் பொறுத்து மும்மடிப் பெருக்கமாகவும் (உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு) வளர்கிறது.

பனைமரம் இந்தக் கணக்கைத் தன் உடம்பிலேயே போட்டுவைத்திருக்கிறது. காற்றில் வளையும் பனையின் நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. எனவே அங்கே மென்சோறும், வெளிவட்டத்தில் வைரம் எனப்படும் கருத்த கெட்டி மரமும் இருக்கின்றன. வெளியே வைரம் பாய்ந்ததைப் புறக்காழ் என்றும், தேக்கைப்போல் உள்ளே வைரம் பாய்ந்ததை அகக்காழ் என்றும் பழந்தமிழ் இலக்கணம் பிரித்தது. ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்கும் கைமரங்களைப் பனையின் வெளிப்பகுதியிலிருந்து அறுத்தெடுத்த கைவினைஞர்களுக்கும் அந்தப் பிரிவு தெரிந்தே இருந்தது. நிறுத்திவைத்த ஸ்கேல் ஏன் வலுவானது என்று கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆனால் வேலையற்ற அந்த அடுக்கை நடுவில் வைக்காமல் விளிம்பிலேயே வைத்துவிட்டதால், மரத்தின் வலிமை அவருடைய கணக்கில் மூன்று மடங்கு அதிகமாக வந்தது.

இப்போது வேளச்சேரிக்குத் திரும்புவோம். நாலுக்கு இரண்டு சட்டத்தைப் பத்தடிக்குப் போட்டு முழுச் சுமையையும் ஏற்றினால், நடுவில் சுமார் 34 மில்லிமீட்டர் தொய்யும். மரக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 883, நீளத்தில் 240-இல் ஒரு பங்கு வரைதான் தொய்வை அனுமதிக்கிறது. பத்தடிக்கு அது 12.7 மில்லிமீட்டர். ஆறுக்கு இரண்டு போட்டால் தொய்வு 10 மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஆகவே மைத்துனர் சொல்வதே சரி. ‘நாலுக்கு மூணு’ போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றலாம். நாலுக்கு மூன்றும் ஆறுக்கு இரண்டும் குறுக்குவெட்டில் ஒரே 12 சதுர அங்குலம்தான். கன அடிக் கணக்கில் விற்கும் மரக்கடையில் ஒரே அளவு மரம்தான். ஆனாலும் நாலுக்கு மூன்று 23 மில்லிமீட்டர் தொய்யும். நாலுக்கு இரண்டைத் தவறிப் படுக்கவைத்துவிட்டால் தொய்வு ஐந்து அங்குலத்தைத் தாண்டும் என்று கணக்கு சொல்கிறது.

தச்சரையும் முழுக்கத் தவறென்று சொல்லிவிட முடியாது. தொய்வு நீளத்தின் நான்மடியைப் பொறுத்தது என்பதால், பத்தடியின் நடுவே ஓர் உத்தரம் கொடுத்தால், அவர் சொன்ன நாலுக்கு இரண்டு சட்டமே பதினாறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தொய்யும். ஆனால் அந்த உத்தரத்தின் மீது எவ்வளவு எடை விழும் என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். தளத்தின் மொத்தச் சுமை 3.8 டன் என்றால் அதில் பாதி என்று நினைக்கத் தோன்றும். சட்டங்கள் நடுவில் வெட்டப்படாமல் ஒரே நீளமாக உத்தரத்தின் மேல் ஓடினால், எட்டில் ஐந்து பங்கு, அதாவது 2.4 டன், நடு உத்தரத்திலேயே இறங்கும். ஆறடிக்கு ஒரு தூண் கொடுத்தால் ‘ஆறுக்கு மூணு’ உத்தரம் அதை நான்கு மில்லிமீட்டர் தொய்வில் தாங்கிவிடும். நடுத்தூண் தடையாக இருக்கிறது என்று எடுத்துவிட்டால் அந்த நான்கு, பதினாறால் பெருகும். பூந்தொட்டிகளை நிரந்தரமாக அடுக்கி வைப்பவர்கள், மரம் நீண்டகாலச் சுமையில் மெல்ல மெல்ல இன்னும் தொய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றைப்படைக் கேள்விக்கும் கணக்கே பதில் சொல்கிறது. பன்னிரண்டடியில் 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால் பத்துச் சட்டங்கள் வரும். மனநிறைவுக்காகப் பதினொன்றாக்கினால் செலவு கூடுமே தவிர தீங்கில்லை. ஒன்பதாகக் குறைத்தால் இடைவெளி 18 அங்குலமாகி, ஒவ்வொரு சட்டத்தின் சுமையும் எட்டில் ஒரு பங்கு ஏறிவிடும். நம்பிக்கை எதுவாயினும் சட்டத்தைக் கூட்டுகிற பக்கமாக இருக்கட்டும்.

மேலே சொன்ன எண்களெல்லாம் முற்றிய தேக்குக்கு உரியவை. இன்று சென்னை மரக்கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு. இளமரமாக வெட்டப்பட்டதில் வைரம் குறைந்து, வெளிறு எனப்படும் மென்மரம் கூடுதலாக இருக்கும். 1906-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களை வளைத்தும் நசுக்கியும் அளந்த பொறுமையான வேலை, இறக்குமதி மரங்களுக்கும் நம் சவுக்குக்கும் வேம்புக்கும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது என் கருத்து. செய்தித்தாளில் படம் வராத இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதில் நாம் காட்டும் கஞ்சத்தனம் எனக்குப் புரியவே இல்லை.

மரம் மட்கினால் எந்தக் கணக்கும் நிற்காது. 2015 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு பால்கனி முறிந்து ஆறு பேர் இறந்ததற்குக் காரணம், ஈரம் புகுந்து மட்கிப்போன மரச்சட்டங்கள். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை நீர், பலகைகளின் இடுக்கு வழியாகவும் திருகாணித் துளைகள் வழியாகவும் சட்டத்தின் மேல்விளிம்பில்தான் முதலில் தங்கும். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் திருகாணிகளைப் போட்டு, தை பிறந்ததும் ஒருமுறை கீழே குனிந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த மேல்விளிம்பைக் குத்திப் பார்க்க வேண்டும். மிக அதிகமாக உழைக்கும் இழைகள் அங்கேதான் இருக்கின்றன: முனை ஓர் அங்குலம் உள்ளே இறங்கினால், ஆறுக்கு இரண்டு சட்டம் ஐந்துக்கு இரண்டாகி, அதன் விறைப்பில் நூற்றுக்கு 42 பங்கு போய்விட்டது என்று பொருள்.