ஊர்திப் பீரங்கியா, தானியங்கிப் பீரங்கியா?

இரண்டாம் உலகப்போர்க் கணினி விளையாட்டுகளில் ஜெர்மனியின் மார்டர் 3, அதாவது டாங்கியின் அடிவண்டி மேல் பீரங்கி ஏற்றிய வண்டி, எட்டிப்பார்த்தால் போதும், “தானியங்கி டாங்கி எதிர்ப்பு பீரங்கி” என்று தமிழ் வர்ணனை வந்துவிடுகிறது. ஒற்று விட்டுப்போனதை மன்னித்துவிடலாம். ‘தானியங்கி’யை மன்னிக்க முடியாது. ஆங்கிலத்தில் இருப்பது ‘self-propelled’, அதாவது இழுக்க ஆளோ வண்டியோ வேண்டாமல் தானே நகர்ந்து செல்வது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இந்த வகை வண்டியை ஜெர்மானியர் செல்ப்ஸ்ட்ஃபார்லஃபெட்ட என்றார்கள். செல்ப்ஸ்ட் என்றால் தானே, ஃபார் என்றால் ஓடு, லஃபெட்ட என்றால் பீரங்கியைத் தாங்கும் வண்டி. கடைசிச் சொல் பிரெஞ்சிலிருந்து போனது. அதன் முதலெழுத்தான ‘ல’ பிரெஞ்சுச் சுட்டுச்சொல் ஒட்டிக்கொண்டது. ஆக, தானே ஓடும் பீரங்கி வண்டி. ஓடுவது வண்டி. பீரங்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. பான்ஸர்யேகர் என்பது இன்னொரு பெயர்: பான்ஸர் என்றால் கவசம், அதிலிருந்து டாங்கி, யேகர் என்றால் வேட்டைக்காரர்.

இந்த வண்டி பிறந்த காரணமும் ‘ஓடுவது’தான். 1941இல் சோவியத் டி-34 டாங்கிகளைச் சந்தித்தபோது ஜெர்மனியின் சிறிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் பயன்படவில்லை. அடுத்து வந்த, 7.5 செ.மீ. குழல் விட்டமுள்ள பாக் 40 என்ற டாங்கி எதிர்ப்புப் பீரங்கி அவற்றைத் துளைத்தது. ஆனால் எடை 1,400 கிலோவுக்கு மேல். ரஷ்யச் சேற்றில் அதை ஆட்கள் தள்ளி நகர்த்துவது நடக்காத காரியம். எனவே காலாவதியான டாங்கிகளின் சேசிஸ் (அடிவண்டி) மேல் அதை ஏற்றினார்கள். பிரெஞ்சு லொரேன் இழுவை வண்டியில் ஏற்றியது மார்டர் 1, பான்ஸர் 2 மேல் ஏற்றியது மார்டர் 2, செக் நாட்டு 38(t) மேல் ஏற்றியது மார்டர் 3. சிலவற்றில் கைப்பற்றிய சோவியத் 76.2 மி.மீ. பீரங்கியும் அமர்ந்தது.

இதில் தானாக இயங்கியது என்ன? சுட்டதும் வெற்றுக் கூடு தானே வெளியே விழும், அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டையும் ஒருவர் கையால் எடுத்துத் திணிக்க வேண்டும். ஆயுதத்தைப் பொறுத்தவரை தானியங்கி என்றால், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது. தானியங்கித் துப்பாக்கி என்று எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறோம். அதே ஜெர்மன் படையின் விர்பெல்விண்ட், பான்ஸர் 4 சேசிஸ் மேல் நான்கு 2 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளைச் சுமந்தது. அவை உண்மையிலேயே தானியங்கி. மார்டரையும் தானியங்கி என்று சொல்லிவிட்டால் விர்பெல்விண்டை என்னவென்று சொல்வது? இரட்டைத் தானியங்கி என்றா? ‘வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்’ என்ற டாங்கிச் சண்டைக் கணினி ஆட்டம் ஆடுகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடுதல். அதில் குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் அமைப்பு சில டாங்கிகளின் முக்கியச் சிறப்பு. ‘தானியங்கி’ என்று கேட்ட புது ஆட்டக்காரர் மார்டரில் அந்த வசதியைத் தேடுவார்.

இன்றைய செய்தித்தமிழில் தானியங்கி வாகனம் என்றால் ஓட்டுநரில்லாத வாகனம் என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. “வலவன் ஏவா வான ஊர்தி” என்று புறநானூறு சொன்னதே, அந்த ரகம். மார்டருக்குள் நான்கு பேர் நெருக்கியடித்து நின்றார்கள்; மேலே கூரைகூட இல்லை.

‘தானுந்து பீரங்கி’ என்பார் தனித்தமிழ் அன்பர்கள். இலக்கணம் சரி, பொருள்தான் வழுக்குகிறது. பீரங்கிக்குப் பக்கத்தில் ‘உந்து’ வந்தால் குண்டை உந்துவதுதான் மனதில் தோன்றும். தானே உந்திக்கொண்டு போவது ராக்கெட். ‘தற்செலுத்து பீரங்கி’க்கும் இதே கோளாறு: செலுத்துதலை ஏவுதல் என்று படிக்கிற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘டாங்கி’ அயற்சொல் என்று விரட்டிவிட்டு அந்த இடத்தில் ‘பீரங்கி’யை உட்கார வைக்கிறார்கள். பீரங்கி மட்டும் எங்கிருந்து வந்ததாம்? பறங்கியரைக் குறித்த ஃபிரங்கி என்ற பாரசீகச் சொல்லின் பிள்ளை அது. ஆவடியில் தயாராகும் அர்ஜுனை நம் நாளிதழ்கள் ஒருநாள் டாங்கி என்றும் மறுநாள் பீரங்கி என்றும் எழுதுவதால், டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ‘பீரங்கி எதிர்ப்புப் பீரங்கி’ ஆகிவிடும் நிலை. இலங்கையில் ‘யுத்த தாங்கி’ என்று நிலைபெற்றிருக்கிறது. அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது ‘டாங்கி அழிப்பான்’. பள்ளிக்கூடத்துப் பென்சில் பெட்டியில் இருப்பதும் அழிப்பான்தான். போர்க்கப்பலுக்கு நாசகாரி என்று கம்பீரமாகப் பெயர் வைத்த மொழியில் டாங்கிக்கு மட்டும் ரப்பர் துண்டா?

என் தேர்வு ஊர்திப் பீரங்கி. ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல், நகர்தல். இரண்டும் இங்கே பொருந்துகின்றன. ஜெர்மன் ஆவணப் பெயரும் ‘38(t) டாங்கியின் மேல் பாக் 40’ என்ற அமைப்பில்தான் இருக்கிறது. எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: லாரியோ குதிரையோ இழுத்துப்போனால் இழுவைப் பீரங்கி, தன் வண்டியிலேயே போனால் ஊர்திப் பீரங்கி. முழுப்பெயர் ‘டாங்கி எதிர்ப்பு ஊர்திப் பீரங்கி’. திரையின் சிறு கட்டத்துக்குள் இது அடங்காது. அங்கே ‘வேட்டை ஊர்தி’ போதும். ‘வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்’ போல, தொலைவிலிருந்து வளைத்துச் சுடுபவற்றுக்குத் தனி வகுப்பு வைத்த ஆட்டங்களில் இந்தப் பிரிப்பு கட்டாயம். அங்கே மார்டர் 2 டாங்கி வேட்டை வகுப்பில் இருக்கிறது. வெறும் ‘ஊர்திப் பீரங்கி’ என்றால் வளைத்துச் சுடும் வகுப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

யாக்ட்பான்ஸர் என்ற ஜெர்மன் வண்டி வகை வந்தால் ‘வேட்டை டாங்கி’ என்க. அது நாற்புறமும் கூரையும் மூடிய கவசம் கொண்டது. மார்டர், நாஸ்ஹோர்ன் முதலியவை மேலே திறந்தவை, கவசமும் மெல்லியது. அவை வேட்டை ஊர்தி. ஜெர்மானியரே இந்த வரம்பை ஒழுங்காகக் காக்கவில்லை. முழுக்க மூடிய எலெஃபாண்டுக்குப் பான்ஸர்யேகர் என்றே பெயர் கொடுத்தார்கள். நாம் வண்டியைப் பார்த்து எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர்களின் காலை வாரும் இடங்கள் இன்னும் சில. 38(t) என்பதை ‘38 டன்’ என்று எழுதுகிறார்கள். மார்டர் 3இன் எடை 11 டன்னைத் தாண்டாது. அந்த t செக் நாட்டைக் குறிக்கிறது. பீரங்கிப் பெயரில் வரும் (r) ரஷ்யாவை, (f) பிரான்ஸை. 38 என்பது ஆண்டு. ஜெர்மன் தாள்களில் 7,5 செ.மீ. என்று காற்புள்ளி இருக்கும். அது நம் தசமப் புள்ளி. அதை விட்டுவிட்டு 75 செ.மீ. என்று எழுதினால் குழலுக்குள் ஆளே படுத்துக்கொள்ளலாம். மார்டர் 3இன் ‘எச்’, ‘எம்’ வகைகள் அகரவரிசை எண்கள் அல்ல: எச் என்றால் எஞ்சின் பின்னால், எம் என்றால் எஞ்சின் நடுவில். எம் வகையில் எஞ்சின் நடுவுக்குப் போனதால் பீரங்கியும் ஆட்களும் பின்கோடிக்கு நகர்ந்தார்கள். ஆட்டத்தில் இரண்டின் உருவமும் வேறாகத் தெரிவது இதனால்தான். மொழிபெயர்ப்பில் ‘எஞ்சின் பின்’, ‘எஞ்சின் நடு’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆட்டக்காரருக்கு உதவும்.

செல்லப்பெயர்களை மட்டும் தொடாதீர்கள். நாஸ்ஹோர்ன் என்றால் காண்டாமிருகம்தான். முன்பு அதற்கு ஹோர்னிஸ், அதாவது பெருங்குளவி, என்றும் பெயர் இருந்தது. அதற்காக “காண்டாமிருகம் வலப்பக்கம் முன்னேறுகிறது” என்று வசனம் போட்டால் போர்க்களம் வண்டலூர் ஆகிவிடும்.