நாண் அறுந்தால் வில் போகும்

சென்ற மாதம் ஒரு அப்பா தன் மகனின் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். 66 அங்குல ரிகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில். மேல் லிம்பின் (பிடிக்கு மேலே வளையும் பகுதி) நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, உள்ளே இருந்த மரச்சிலாம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "என்ன சார் ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க, நாண் அறுந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அறுந்த நாணையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நல்ல காரியம், பெரும்பாலும் யாரும் கொண்டுவருவதில்லை. மேல் கண்ணிக்கு (நாணை வில்லின் நுனியில் மாட்டும் வளையம்) சற்றுக் கீழே இரண்டு இழை எப்போதோ அறுந்திருக்கிறது. பையன் அந்த இடத்தில் இரண்டு சொட்டு சூப்பர் க்ளூ விட்டிருக்கிறான். பசை காய்ந்து நாண் அங்கே குச்சி மாதிரி விறைத்துவிட்டது. விறைப்பு முடிகிற ஓரத்தில்தான் மிச்ச இழைகளும் போயிருந்தன.

வளைந்த லிம்பில் சேர்ந்திருக்கும் விசையில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டால் அந்த விசை முழுக்க வில்லுக்கே திரும்பும். அதனால்தான் பயிற்சியின் முதல் நாளே "வெறும் நாணை விடாதே" என்று கத்துகிறோம். நாண் பாதியில் அறுவதும் ஏறக்குறைய அதே கதைதான். இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் பாய்ந்து போகும் லிம்பைப் பிடித்து நிறுத்த நாணே இல்லை.

என்னிடம் வரும் எல்லோரையும் ஒரு நாணாவது கையால் திரிக்கச் சொல்வேன். காசு மிச்சம் பிடிக்க அல்ல. திரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் நாணில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. மற்றவர்கள் நடுவில் அம்பு பூட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாதான் இருக்கு சார்" என்பார்கள். கண்ணியைப் பார்ப்பதே இல்லை.

முதலில் எதில் திரிப்பது? கடைத்தெரு நைலான் கயிறு வேண்டாம், மீன்பிடி நரம்பும் வேண்டாம். நைலான் ரப்பர் போல இழுபடும். வில் தரும் வேகத்தை நாண் விழுங்கிவிடும், ஒவ்வொரு அம்புக்கும் நாண் உயரம் (வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) மாறும். இயற்கை நாரில் செய்யலாமா என்று ஆசையாகக் கேட்பவர்களும் உண்டு. ஆசை நியாயமானதுதான். நம் பக்கத்து மருள் செடியின் நாரில் நாண் திரித்திருக்கிறார்கள். வடமொழியில் அந்தச் செடி மூர்வா, அதன் பெயரிலிருந்தே நாணுக்கு மௌர்வி என்று ஒரு பெயர் வந்தது. வரவேற்பறைத் தொட்டியில் இப்போது எல்லோரும் வைக்கும் ஸ்னேக் பிளான்ட் அதற்குச் சொந்தம். ஜப்பானிய வில்லுக்கு ஹெம்ப் (கஞ்சாச் செடி வகை) நார் நாண், துருக்கியர்களுக்குப் பட்டு. எல்லாம் சரி, ஆனால் நாரைத் தேர்ந்து எடுப்பது தனிக் கலை. பழகும் கையோடு நேராக 40 பவுண்டு (முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) வில்லில் அதை ஏற்றிப் பார்க்காதீர்கள்.

ஆரம்பத்துக்கு டேக்ரான் போதும். பி-50, பி-55 என்று சுருளாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் நூல். பி-50 இழை ஒன்று சுமார் 50 பவுண்டு தாங்கும். 30 பவுண்டு வரையிலான வில்லுக்கு 10 இழை, 40 வரை 12, 50 வரை 14, அதற்கு மேல் 16 என்று வைத்துக்கொள்கிறேன். "14 இழை 700 பவுண்டு தாங்குமே, 45 பவுண்டு வில்லுக்கு எதற்கு சார் அவ்வளவு?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. அம்பு கிளம்பியதும் லிம்ப் இரண்டும் சட்டென்று நிற்கும் அந்தக் கணத்தில் நாண் வாங்கும் இழுப்பு, நாம் கையால் இழுத்ததைப்போல் பல மடங்கு. கண்ணியில் வளைவதாலும் பலம் குறையும். மெல்லிய நாண் என்றால் அம்பின் குதையும் (நாணில் பூட்டும் பிளவு) அதில் சரியாகப் பிடிக்காது.

டைனீமா வகை நூல் டேக்ரானைவிட வேகம் தரும், மிகக் கொஞ்சம்தான் இழுபடும். அதுதான் அதன் ஆபத்தும். நுனி வலுப்படுத்தாத பழைய வில்லில் ஏற்றினால் அந்த அதிர்ச்சியை நுனியால் தாங்க முடியாது, பிளந்துவிடும். உங்கள் வில் அதற்கேற்றது என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால் ஒழிய டேக்ரானோடு நில்லுங்கள்.

திரிப்பதற்கு வருவோம். மரபு வில்லுக்கு நான் செய்வது இரட்டைப் புரி நாண், பிளெமிஷ் ட்விஸ்ட் என்பார்கள். தென்னை நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை தெரிந்த மாதிரி. 66 அங்குல ரிகர்வுக்கு நாண் 62 அங்குலம் வர வேண்டும். நூலை அதைவிட ஒன்றரை அடி கூடுதலாக எடுத்து, 7 இழை வீதம் இரண்டு புரி. இழைகளின் நுனியை ஒரே இடத்தில் வெட்டாமல் அரை அரை அங்குலம் தள்ளித் தள்ளி வெட்டுங்கள். இல்லையென்றால் வால் (கண்ணி செய்தபின் மிஞ்சும் நுனி) முடியும் இடத்தில் நாண் திடீரென்று மெலிந்து, அங்கேயே அறும். பிறகு தேன்மெழுகு. தாராளமாகத் தேயுங்கள், புரி ஒரே கயிறாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நுனியிலிருந்து 8 அங்குலம் விட்டு இரண்டு புரியையும் இடக்கை விரலிடுக்கில் பிடித்துக்கொள்கிறேன். தள்ளி இருக்கும் புரியை என்னைவிட்டு விலகும் திசையில் முறுக்கி, என் பக்கம் கொண்டுவந்து மற்றதன் மேல் போடுகிறேன். இப்போது மற்றது தள்ளிப் போயிருக்கும். அதையும் அதேபோல. முறுக்குவது ஒரு திசை, மேலே போடுவது எதிர்த் திசை. இந்த எதிரும் புதிரும்தான் கண்ணியை அவிழாமல் பிடித்திருக்கிறது, முடிச்சே கிடையாது. மூன்று அங்குலம் ஆனதும் மடித்தால் கண்ணி. வால் இரண்டையும் ஆளுக்கொரு புரியோடு சேர்த்து, தீரும்வரை அதே முறுக்கு.

மறுநுனிக் கண்ணி செய்யும்போதுதான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நடுவில் இரண்டு புரியும் தானாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். அதை முழுக்கப் பிரித்து நேராக்காமல் இரண்டாவது கண்ணியைத் தொடக்கூடாது. நான் தலைசீப்பால் வாரிவிடுகிறேன் (வீட்டில் இதற்குத் திட்டு வாங்கியாயிற்று). கடைசியில் முழு நாணுக்கும் 20, 30 சுற்று கொடுப்போமே, அது கண்ணி இறுகும் திசையிலேயே இருக்க வேண்டும். திசை மாறினால் ஒவ்வொரு சுற்றும் கண்ணியைத் தளர்த்தும். வில்லில் ஏற்றி இழுக்கும்போது கண்ணி உருவிக்கொண்டு வந்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் சொந்த நாண்தான். நல்லவேளை, முகம் தப்பியது.

ஏற்றியதும் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். டேக்ரான் கொஞ்சம் நீளும், காலையில் நாண் உயரம் அரை அங்குலம் இறங்கியிருந்தால் பயம் வேண்டாம். சில சுற்று கூட்டினால் போதும். ரிகர்வுக்கு ஏழரை, எட்டு அங்குலம் பொதுவாகச் சரிவரும். எல்லா இழையும் சேர்ந்து இறுகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் இழை தனியாகத் தொங்கினால் அது சுமக்கவில்லை, மற்றவை அதன் பங்கையும் சுமக்கின்றன என்று அர்த்தம். பிறகு நடுவில், அம்பு பூட்டும் இடத்தில், சர்விங் (நாணைத் தேயாமல் காக்கும் மேல்சுற்று நூல்) சுற்றலாம். அம்பைப் பூட்டித் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும்.

தினமும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் மெழுகு போடுங்கள். சர்விங் நகர்ந்திருந்தால் பிரித்து, அடியில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போடும் வேலையே கூடாது. நாண் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுகிறதென்றால் வில்லின் குதையில் (கண்ணி உட்காரும் நுனிப் பள்ளம்) கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கூர் இருக்கிறது, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

அந்த அப்பாவின் வில்லிலும் பஞ்சு சிக்கியது. லிம்பைச் சரிசெய்ய வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பையனை உட்காரவைத்து நூல் சுருளைக் கொடுத்தேன். முதல் நாண் 59 அங்குலத்தில் முடிந்தது. இரண்டாவதில் முறுக்கு திசை மாறியிருந்தது, அவனே கண்டுபிடித்து அவிழ்த்தான். மூன்றாவது இப்போது என் பட்டறையில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுபட்டுக்கொண்டிருக்கிறது.